எதிர்பாராத உபத்திரவத்தில் தேவனை நம்புவது என்றால் என்ன?

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



மருத்துவமனையில் ஊழியம் செய்கிற எங்களிடம் நோயாளிகள் கேட்கும் கேள்விகளில் பாதி உடம்பைப் பற்றியவை. எத்தனை நாள் மாத்திரை சாப்பிட வேண்டும், பத்தியம் உண்டா, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்பார்கள். அவற்றுக்கு எங்களால் விடை சொல்ல முடிகிறது. மற்றப் பாதி வேறு விதமானவை. டாக்டர் வார்டைச் சுற்றிவிட்டுப் போன பிறகு, விளக்குகள் அணைந்த பிறகு, இராத்திரி டியூட்டி நர்சிடம் மெல்லக் கேட்கப்படுகிறவை. "சிஸ்டர், நான் என்ன பாவம் செய்தேன்?" "காணிக்கை தவறாமல் கொடுத்தோம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனோம், எங்கள் வீட்டுக்கு ஏன் இது வந்தது?" "எனக்கு விசுவாசம் போதாது என்பதால்தான் குணமாகவில்லையா?"

இந்த மடலில் அந்த இரண்டாம் வகைக் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறோம். தேவனை நம்பு, தேவனை நம்பு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். நோயும் மரணமும் நஷ்டமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும்போது, நம்புவது என்றால் உண்மையில் என்ன செய்வது? கடலூரிலும் சிதம்பரத்திலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்கிறவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. ஆகவே இந்த மண்ணில் நடந்தவற்றைக் கொண்டே சிந்திப்போம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் கிறிஸ்துமஸ். அன்று காலை 6.28 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. அதிலிருந்து புறப்பட்ட அலைகள் நம் கரையை வந்தடைய ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆனது. ஒரு குடும்பம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்ச் சேர அது தாராளமாகப் போதும். ஆனால் இந்துமாக் கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு அப்போது கிடையாது. ஐதராபாத்தில் இதற்கான மையம் 2007இல்தான் தொடங்கப்பட்டது. ஆகவே கரையில் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் முதலிய குப்பங்களும், சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைக் கரையோரத்தில் எம்.ஜி.ஆர். திட்டு போன்ற இடங்களும் சில நிமிடங்களில் அலைக்குள் போயின. கடலூர் மாவட்டத்தில் மட்டும் சுமார் 600 பேர் மாண்டார்கள். தமிழகம் முழுவதிலும் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 8,000.

அன்று நடந்த ஒரு காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். ஆழ்கடலில் சுனாமி அலை உயரமாக எழும்புவதில்லை. கரையை நெருங்கி, கடலின் ஆழம் குறையக் குறையத்தான் அது சுவர்போல் எழுகிறது. ஆகவே விடியுமுன்னே தொலைவில் வலைபோடப் போயிருந்தவர்களில் அநேகர் பிழைத்தார்கள். வரப்போகும் படகுகளுக்காகக் கூடையோடு கரையில் காத்திருந்த பெண்களும், மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும், வீட்டைவிட்டு நகர முடியாத முதியோரும் மாண்டார்கள். கடலுக்குப் போன கணவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று எத்தனையோ மனைவிமார் நாள்தோறும் வேண்டிக்கொள்வார்கள். அன்று கணவன் திரும்பினான். வீட்டில் ஒருவரும் இல்லை.

அதன்பின் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்தில் தாத்தா காலத்துப் பலாமரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. ஒரு பலாமரம் வளர்ந்து ஒரு குடும்பத்துக்குச் சோறு போட எத்தனையோ வருஷம் ஆகும்; அது விழ ஒரு இராத்திரி போதுமாயிருந்தது. 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் பெய்த பெருமழை இதே மாவட்டத்தை மறுபடியும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. எழுந்து நிற்குமுன் அடுத்த அடி விழுவது எப்படியிருக்கும் என்று இந்த மக்களுக்குத் தெரியும்.

யார் செய்த பாவம்?

இப்படி ஒன்று நடந்தவுடன் காரணம் சொல்ல நாலு பேர் கிளம்பிவிடுகிறார்கள். சுனாமிக்குப் பிறகும் அப்படியே. அந்த ஊர் செய்த பாவம் என்றார்கள், விக்கிரக ஆராதனைக்குத் தண்டனை என்றார்கள். வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்த கிறிஸ்தவர்களும் அதே காலையில் அதே அலையில் மாண்டதை அவர்கள் யோசிக்கவில்லை.

சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே உப்பங்கழிகளின் ஓரமெல்லாம் சுரபுன்னைக் காடு அடர்ந்து நிற்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமும் இந்த உப்பங்கழிக் காட்டைச் சேர்ந்ததே. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட மரங்கள் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் குறைவாகவே சேதப்பட்டன என்று காட்டினார்கள். மறைவின்றிக் கடலைப் பார்த்திருந்த குப்பங்களோ அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் பரிசுத்தவான்களும் அல்ல, கரையில் இருந்தவர்கள் பாவிகளும் அல்ல. அலைக்கும் வீட்டுக்கும் நடுவே மரம் இருந்ததா இல்லையா என்பதே வித்தியாசம்.

நம் ஆண்டவர் இதைப்பற்றித் தெளிவாகப் போதித்திருக்கிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் அதிகக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே விடையும் சொன்னதை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்கள் இது யார் செய்த பாவம் என்று விசாரித்தார்கள். அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்று சொல்லி ஆண்டவர் அந்த விசாரணையையே முடித்துவைத்தார். அதற்குப் பிறகு அவர் செய்தது என்ன? சேறுண்டாக்கி அந்த மனிதனின் கண்களில் பூசினார். விசாரிப்பதை நிறுத்திவிட்டு, உதவி செய்யத் தொடங்கினார்.

யோபுவின் மூன்று சிநேகிதரையும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவனுக்கு இரண்டாவது உபத்திரவம் ஆரம்பமானது. முடிவில் கர்த்தர் யாரைக் கடிந்துகொண்டார்? புலம்பி வழக்காடிய யோபுவை அல்ல, தேவனுக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்த அந்தச் சிநேகிதரையே. யோபுவிடம் பேசினபோதும், உனக்கு ஏன் இது வந்தது என்று கர்த்தர் விளக்கவில்லை. தம்மை அவனுக்கு வெளிப்படுத்தினார். யோபுவுக்கு அது போதுமாயிருந்தது.

ஆகவே முதல் பாடம் இது: தேவனை நம்புவதும் காரணத்தைத் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல. அழுகிறவர்களும் அவிசுவாசிகள் அல்ல. சங்கீதங்களில் எத்தனையோ புலம்பல்களாகவே இருக்கின்றன. புலம்புகிறவன் தேவனைவிட்டு ஓடாமல், அவரிடத்திலேயே வந்து முறையிடுகிறான். அதுவும் நம்பிக்கைதான்.

இதே கரையில், 1758இல்

சுனாமியில் அடிபட்ட தேவனாம்பட்டினத்தில்தான் ஆங்கிலேயரின் பழைய புனித டேவிட் கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. அந்தக் கோட்டையோடு சேர்ந்த ஒரு சாட்சியும் நமக்கு உண்டு.

சுவீடன் தேசத்தில் பிறந்து, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் ஆயத்தம் பெற்ற யோவான் சகரியா கீர்நாந்தர் என்ற மிஷனெரி 1740இல் கடலூருக்கு வந்தார். கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் ஊழியராகத் தமிழ் கற்று, பள்ளி நடத்தி, சபையைப் போஷித்து ஏறக்குறைய 18 ஆண்டுகள் பாடுபட்டார். 1750 முதல் ஹூட்டமான் என்ற மிஷனெரியும் அவரோடு சேர்ந்தார். ஒரு மனிதனின் வாலிபமும் நடுவயதும் இந்த ஊரில் விதையாக விழுந்தன என்று சொல்லலாம்.

1758இல் பிரெஞ்சுப் படைகள் லாலி என்ற தளபதியின் கீழ் வந்தன. கடலூர் வீழ்ந்தது; ஜூன் 2ஆம் தேதி புனித டேவிட் கோட்டையும் சரணடைந்தது. சபை மக்கள் சிதறினார்கள். கீர்நாந்தர் சம்பாதித்தவற்றையும் சேர்த்தவற்றையும் இழந்து, தெற்கே கொள்ளிடத்துக்கு அப்பால் டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடியில் அடைக்கலம் புகுந்தார். இரு தேசத்து ராஜாக்களின் சண்டை அது. அதில் அவருக்கோ அவருடைய தமிழ்ச் சபையாருக்கோ எந்தப் பங்கும் இல்லை. 18 ஆண்டு வேலை சில வாரங்களில் போயிற்று.

அவர் ஏன் இப்படி நடந்தது என்று கண்டுபிடிக்கும்வரை தரங்கம்பாடியில் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வருஷமே கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். செப்டம்பரில் போய்ச் சேர்ந்து, டிசம்பரில் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்தார். 1761இல் மனைவி மரித்தார். ஊழியம் நிற்கவில்லை. 1770இல் தம் சொந்தப் பணத்தைப் பெருமளவு செலவிட்டு ஓர் ஆலயத்தைக் கட்டி முடித்தார். பழைய மிஷன் ஆலயம் என்ற பெயரோடு அது இன்றும் கொல்கத்தாவில் நிற்கிறது.

பிரசங்கங்களில் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுவது வழக்கம். கடலூரில் ஒன்றை இழந்தார், கல்கத்தாவில் இரட்டிப்பாகப் பெற்றார் என்று முடிப்பது கேட்க நன்றாயிருக்கும். ஆனால் அவர் வாழ்க்கை அங்கே முடியவில்லை. முதுமையில் கண் பார்வை மங்கியது. மகனுடைய கடன்களுக்குத் தாமும் பொறுப்பேற்றிருந்தபடியால் 1787இல் திவாலானார். அந்த ஆலயமும் கடனுக்காக ஏலத்துக்கு வந்தது. கம்பெனி அதிகாரியாயிருந்த சார்லஸ் கிராண்ட் என்ற விசுவாசி 10,000 ரூபாய் கொடுத்து அதை மீட்டார். கீர்நாந்தரோ டச்சுக்காரர் வசம் இருந்த சின்சுராவில் குருவாக வேலை செய்து பிழைத்தார். 1795இல் ஆங்கிலேயர் அந்த ஊரைப் பிடித்தபோது, எண்பது வயது கடந்த அந்த முதியவர் போர்க் கைதியுமானார். 1799இல் மரித்தார்.

ஏன் இதை மறைக்காமல் எழுதுகிறோம்? நம்பினால் இழந்ததெல்லாம் திரும்ப வரும் என்று தேவன் நம்மிடம் பத்திரம் எழுதித் தரவில்லை. யோபுவுக்குத் திரும்ப வந்தது உண்மை. ஆனால் அவனுக்கும் செத்துப்போன பிள்ளைகள் திரும்ப வரவில்லையே. கீர்நாந்தரின் வேலை மட்டும் மற்றவர்கள் கையில் நிலைத்தது. கல்கத்தா ஆலயத்தைக் கிராண்ட் காத்தார். கடலூர் ஆங்கிலேயரிடம் திரும்பிய பின் ஹூட்டமான் அங்கே வந்து சிதறின சபையைச் சேர்த்தார். ஆரம்பித்தவர் இழந்தார், ஆனாலும் ஆரம்பித்தது அழியவில்லை. நம்புகிறவனுக்கு இதுவும் ஒரு ஆறுதல். முடிவைத் தன் கண்ணால் காணாவிட்டாலும், அன்றன்றைக்குரிய வேலையைச் செய்துவிட்டு மீதியைத் தேவனுடைய கையிலும் அவருடைய ஜனங்களின் கையிலும் விட்டுப்போகலாம்.

விசுவாசம் மருந்தை விடுவதா?

இந்த இடத்தில் மருத்துவமனை ஊழியராக ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். தேவனை நம்புகிறேன் என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. யாரோ ஒருவர் ஜெபித்துவிட்டு, இனி உனக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். காசநோய்க்காரர் இரண்டு மாதத்தில் இருமல் நின்றவுடன் மாத்திரையை விட்டுவிடுகிறார். சாதாரணமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்து அது. பாதியில் விட்டால் கிருமி முழுவதும் சாகாது. மீந்த கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்ப எழும்பும். அது வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றும். இன்சுலின் போட வேண்டிய சர்க்கரை நோயாளியோ, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவரோ திடீரென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். அப்போது சுற்றத்தார் சொல்வது என்ன? விசுவாசம் போதவில்லை என்பார்கள். நோயின் பாரத்தின்மேல் குற்றத்தின் பாரத்தையும் ஏற்றிவைப்பார்கள்.

வேதம் அப்படிப் போதிக்கவில்லை. எசேக்கியா ராஜா வியாதிப்பட்டுக் கண்ணீரோடு ஜெபித்தபோது கர்த்தர் கேட்டு, அவன் ஆயுசில் 15 வருஷத்தைக் கூட்டினார். ஆனால் அதே இடத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப்போடச் செய்தார். ஜெபமும் பற்றும் ஒன்றுக்கொன்று எதிரியாக அங்கே நிற்கவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் கிருபை கிடைத்தது. தன் உடன் ஊழியனாகிய துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்ததாகப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். எத்தனையோ வியாதியஸ்தரைச் சுகப்படுத்தின பவுல், துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

டாக்டரின் கையும் நர்சின் கையும் மருந்தும் தேவனுடைய உதவி நம்மிடம் வந்து சேரும் வழிகள். அவற்றை ஏற்றுக்கொள்வதும் விசுவாசமே.

சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

சுகம் கேட்டும் கிடைக்காதவர் என்ன செய்வது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், பெரிய உதாரணம் உண்டு.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925இல் கேரளத்தில் பிறந்தவர். வேலூரில் படித்து டாக்டராகி, பெண்கள் மருத்துவத்தில் சிறந்து விளங்க வேண்டும் என்ற விருப்பத்தோடு இருந்தார். 1954 ஜனவரி 30 அன்று உடன் டாக்டர்களோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் பெருங்காயம், முதுகுத்தண்டும் அடிபட்டிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. வயது 28.

முதுகுத்தண்டு முறிந்தவருக்கு நடக்க முடியாது என்பது மட்டும் கஷ்டம் அல்ல. உணர்வில்லாத இடத்தில் எடை அழுந்திக்கொண்டே இருந்தால் படுக்கைப் புண் வருகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர் தானாகக் கழியாததால் தொற்று ஏற்படுகிறது. அந்நாட்களில் நம் தேசத்தில் இப்படிப்பட்டவர்களை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு மூலையில் கிடத்துவார்கள். புண்ணிலும் தொற்றிலும் அவர்கள் கொஞ்ச காலத்தில் மடிந்துபோவார்கள். அவர்களுக்குத் திரும்ப வாழப் பழக்கும் இடம் அரிதாயிருந்தது.

அப்போது வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திவந்த டாக்டர் பால் பிராண்ட், கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று மேரி வர்கீஸுக்கு வழிகாட்டினார். கால்கள் போனாலும் கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கினார். தாம் நடக்கமாட்டாத ஒரு பெண் டாக்டர் தங்கள் கையைப் பிடித்துச் சிகிச்சை செய்வதைக் கண்ட அந்த நோயாளிகளுக்கு எப்படி இருந்திருக்கும்!

பின்பு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவத்தைக் கற்றுத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையின் தலைவரானார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966இல் அங்கே திறக்கப்பட்டது. இந்தியாவுக்கே அது முன்னோடி. 1972இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986இல் மரிக்கும்வரை, 32 ஆண்டுகள், அவர் கால்களுக்கு உணர்வு திரும்பவேயில்லை.

அந்த நிலையம் உண்டாகும்படிக்கே தேவன் அந்த விபத்தை அனுப்பினார் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் விபத்துக்குப் பிறகும் தேவன் அவரோடு இருந்தார், அவரிடத்தில் மீந்திருந்ததைக் கொண்டு வேலை செய்தார் என்பதைத் தயக்கமின்றிச் சொல்வோம். போனதைக் குறித்து அழுதபின், இருப்பதை எடுத்துத் தேவனுடைய கையில் கொடுப்பது நம்பிக்கையின் அடுத்த படி.

துன்பப்படுகிறவரிடம் நாம் என்ன செய்யலாம்?

ஒருவனுடைய நம்பிக்கை உபத்திரவத்தில் நிலைப்பதும் சரிவதும் பெரும்பாலும் அவனைச் சுற்றியிருப்பவர்களைப் பொறுத்தது. உங்கள் சபையிலோ தெருவிலோ ஒரு வீட்டில் துன்பம் வரும்போது இவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

1. போய் உட்காருங்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லையே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் சும்மா உட்கார்ந்தது அவர்கள் செய்த வேலையிலேயே சிறந்தது.

2. காரணம் சொல்லாதீர்கள். எல்லாம் நன்மைக்கே என்று சட்டென்று சொல்லிவிடுவது எளிது. தேவன் எல்லாவற்றையும் நன்மைக்காக நடத்துகிறார் என்று எழுதின பவுல், அடிபட்டு, கப்பல் சேதத்தில் தவித்து, சிறையிலும் இருந்தவர். அவர் சொல்லலாம், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாயிடம் முதல் நாளே நாம் சொல்லக்கூடாது. அவள் தன் வாயால் சொல்லும் நாள் வந்தால் கூட இருந்து ஆமென் சொல்லுவோம்.

3. வெறுங்கையோடு போகாதீர்கள். சுனாமி நாளில் பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார் பக்கத்துக் குப்பங்களிலிருந்து ஓடிவந்த மீனவ மக்களுக்கு, மதம் பாராமல் சோறு சமைத்துப் போட்டார்கள். பசித்தவனுக்கு முதலில் வேண்டியது சோறு. ஒரு படி அரிசி, ஆஸ்பத்திரிக்குப் போய்வரப் பஸ் காசு, இராத்திரி நோயாளியோடு கண்விழித்திருக்க ஓர் ஆள் – இவை பெரிய உதவி.

4. மருந்தை நிறுத்தவிடாதீர்கள். அவரோடு சேர்ந்து ஜெபியுங்கள். மாத்திரையையும் நேரத்துக்கு எடுத்துக்கொடுங்கள்.

5. மனதின் காயத்தையும் கவனியுங்கள். பெருந்துக்கத்துக்குப் பிறகு தூக்கம் கெடுவதும், நினைத்து நினைத்து அழுவதும், சத்தம் கேட்டால் திடுக்கிடுவதும் இயற்கை. சுனாமிக்குப் பின் கடலின் இரைச்சலைக் கேட்கவே பயந்த மீனவர்கள் உண்டு. வாரங்கள் கடந்தும் சாப்பாடும் தூக்கமும் திரும்பாவிட்டால், குடி அதிகமானால், சாகலாம் போலிருக்கிறது என்று ஒருதரம் சொன்னாலும், தனியே விடாமல் உடனே டாக்டரிடம் அழைத்துவாருங்கள். அது அவிசுவாசம் அல்ல. சிகிச்சையால் தேறக்கூடிய வியாதி.

6. எல்லோரும் போனபின் மறுபடியும் போங்கள். அடக்கத்துக்கு ஊரே வரும். காரியம் முடிந்து உறவினர் கலைந்தபின், மூன்றாம் மாதத்திலும் முதல் வருஷ நினைவு நாளிலும் வருகிறவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் நீங்கள் இருங்கள்.

இராத்திரியில் கேட்கப்படும் கேள்விக்கு

நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்கும் நோயாளிக்கு நாங்கள் என்னதான் விடை சொல்கிறோம்? உங்கள் நோய் உங்களுக்கு வந்த தண்டனை என்று எண்ண வேண்டாம் என்று சொல்கிறோம். ஏன் வந்தது என்பது எங்களுக்கும் தெரியாது என்று உண்மையைச் சொல்கிறோம். நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கினபோது, தேவன் ஏன் தம்மைக் கைவிட்டார் என்று அவரும் கேட்டார். ஆகவே இந்தக் கேள்வியோடு அழுகிறவர்கள் அவர் அறியாத இடத்தில் இல்லை. இதைச் சொல்லிவிட்டு நர்ஸ் காய்ச்சலைப் பார்க்கிறார், தலையணையைச் சரிசெய்கிறார், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கிறார், விரும்பினால் சின்ன ஜெபம் செய்கிறார். விடியும்வரை பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்று அந்த நோயாளிக்குத் தெரிந்தால், தேவன் தன்னைக் கைவிடவில்லை என்று நம்புவது அவருக்குக் கொஞ்சம் எளிதாகிறது.

பிரியமானவர்களே, அந்தப் பக்கத்தில் இருப்பதற்குத்தான் உங்கள் காணிக்கையும் ஜெபமும் எங்களைப் பலப்படுத்துகின்றன. உங்களில் சிலரும் இப்போது எதிர்பாராத உபத்திரவத்தின் நடுவே இருந்துகொண்டுதான் எங்களைத் தாங்குகிறீர்கள் என்பதை அறிவோம். உங்களுக்காகவும் நாங்கள் தேவ சமுகத்தில் மன்றாடுகிறோம். கடற்கரைக் குப்பங்களுக்காகவும், துக்கத்தில் இருக்கிற வீடுகளுக்காகவும், இராத்திரி டியூட்டியில் இருக்கிற ஊழியருக்காகவும் நீங்களும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் அனைவரோடும் இருப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்கள்,
மருத்துவமனை ஊழியர்கள்